ராக்கெட்டின் பாடபேதங்கள்

இலக்கியம் பேசுகிற இப்பக்கங்களில் பொம்மை ரயிலுக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர் இருப்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 'பொம்மை' என்ற சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. பிரிட்டனில் 1804க்கும் 1840க்கும் இடையே தோன்றிய ஆதி நீராவி எஞ்சின்களைச் சிற்றளவில் மறுபடியும் செய்து பார்க்கிறவர்கள் தங்கள் பட்டறை மேசையில் செய்துகொண்டிருப்பது, நம்மவர்கள் ஏட்டுச்சுவடிகளை வைத்துக்கொண்டு செய்த அதே வேலை என்பது எம் துணிபு. சிதைந்த மூலம், பிற்காலத்துக் கைகள் செய்த திருத்தங்கள், ஒன்றோடொன்று முரண்படும் சாட்சியங்கள். இவற்றிலிருந்து ஒரு பாடத்தைத் தேர்ந்து நிறுத்த வேண்டும். பதிப்பாசிரியரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை இவர்களிடமும் எதிர்பார்க்கலாமா என்பதே இங்கே பேச விரும்புவது.

முதலில் ஒரு வேடிக்கை. பொதுவாக அசல் முன்னால் வரும், மாதிரி பின்னால் வரும். நீராவி வண்டியின் கதையில் இது தலைகீழ். கார்ன்வால் பகுதியின் ரெட்ரூத் ஊரில் வில்லியம் மர்டாக் என்பவர் 1784இல் மூன்று சக்கரங்களில் ஓடும் சிறு நீராவி வண்டி ஒன்றைச் செய்தார். அது இன்றும் பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் போல்ட்டன்–வாட் நிறுவனத்தின் ஊழியர். உயர் அழுத்த நீராவி என்றாலே ஜேம்ஸ் வாட்டுக்கு ஆகாது. முதலாளிகள் ஊக்கம் தராததால் மர்டாக்கின் வண்டி முழு அளவுக்கு வளரவே இல்லை. அதே கார்ன்வாலைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரெவிதிக்கும் 1790களின் இறுதியில் மாதிரிகளைச் செய்து ஓட்டிப் பார்த்த பிறகுதான், 1801இல் கேம்போர்ன் சாலையில் பெரிய வண்டியை விட்டார். சிறிதாகச் செய்து பார்ப்பது இந்த எஞ்சின்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. பின்னாளில் ஓய்வுபெற்றவர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அன்று.

இனி சிக்கலுக்கு வருவோம். 1804 பிப்ரவரி 21 அன்று வேல்ஸில், பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ட்ரெவிதிக்கின் எஞ்சின் பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒன்பது மைல் தூரம் சென்றது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாயிற்று. எஞ்சினுக்குக் குறையில்லை. பாதைக்குத்தான் தாங்கவில்லை, வார்ப்பிரும்புத் தட்டுகள் பாரத்தில் உடைந்தன. உலகின் முதல் ரயில் ஓட்டம் என்று எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இடம்பெறும் நிகழ்ச்சி இது. ஆனால் அந்த எஞ்சினின் படம் இதுதான் என்று ஐயமின்றிக் காட்டக்கூடிய ஒரு தாள் நம்மிடம் இல்லை. 1803ஆம் ஆண்டிட்ட வரைபடம் ஒன்று உண்டு. அது பெனிடாரன் எஞ்சினையே குறிக்கிறதா, ட்ரெவிதிக்கின் வேறொரு எஞ்சினையா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரே சிலிண்டர், பிஸ்டன் கோடியில் வந்து நிற்கும் கணத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பெரிய சமன்சக்கரம், பல்சக்கரங்கள் வழியாக ஓடும் சக்கரங்களுக்கு விசை. இவ்வளவும் தெரியும். மற்றபடி எந்த உறுப்பு எந்தப் பக்கம், ஓட்டியவர் எங்கே நடந்தார் என்று இறங்கிப் போனால் ஊகம்தான். எனினும் இந்த எஞ்சினுக்கு மாதிரிகள் உண்டு. பளபளவென்று, ஒரு திருகாணிகூட விடுபடாமல், எந்த ஐயத்தின் சாயலும் இல்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன. எமக்கு உறுத்துவது இந்த ஐயமின்மை.

பெனிடாரனுக்காவது மூலமே இல்லை என்று சமாதானம் சொல்லலாம். மூலம் இருந்தும் கைக்கு அகப்படாத எஞ்சின் ஸ்டீபென்சன்களின் ராக்கெட். 1829 அக்டோபரில் ரெயின்ஹில் போட்டியில் 500 பவுண்டு பரிசை வென்ற ராக்கெட்டை எல்லோரும் அறிவார்கள். மஞ்சள் உடல், வெள்ளைப் புகைபோக்கி, பின்புறத்தில் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும் இரு சிலிண்டர்கள். இந்த உருவத்தில் ராக்கெட் வாழ்ந்தது மிகச் சொற்ப காலமே. லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை 1830இல் திறக்கப்பட்டதை ஒட்டிய மாதங்களிலேயே திருத்தங்கள் தொடங்கிவிட்டன. சாய்ந்த சிலிண்டர்கள் ஓட்டத்தில் வண்டியை மேலும் கீழுமாகத் தூக்கிப் போட்டதால் அவற்றைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டுக்கு இறக்கினார்கள். முன்புறத்தில் புகைப்பெட்டி வந்து சேர்ந்தது. 1862இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டபோது எஞ்சியிருந்தது, பல கைகள் பட்டு, பல பாகங்கள் போய், கருத்து நிற்கும் வேறொரு எஞ்சின். 1990களின் இறுதியில் மைக்கேல் பெய்லி, ஜான் கிலிதெரோ என்ற இருவர் அதைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக அளந்து ஆராய்ந்து 2000இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். எந்தத் துளை எப்போது இடப்பட்டது, எந்தத் தழும்பு எந்தப் பழுதால் வந்தது என்று இரும்பிலேயே படித்த ஆய்வு அது. ஓலையின் எழுத்தமைதியைக் கொண்டு இடைச்செருகலைப் பிரித்தறியும் முறையை அறிந்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

அப்படியானால் ராக்கெட்டின் மாதிரியைச் செய்யப் புகுகிறவர் எந்த ராக்கெட்டைச் செய்கிறார்? கையில் இருக்கும் சாட்சியங்களைப் பாருங்கள். அருங்காட்சியகத்தின் கறுத்த எஞ்சின் ஒன்று. போட்டி நடுவர்களில் ஒருவரான ஜான் ராஸ்ட்ரிக்கின் குறிப்பேடு இரண்டாவது. அக்காலத்து இதழ்கள் வெளியிட்ட படங்கள் மூன்றாவது. இவற்றில் மெக்கானிக்ஸ் மேகஸின் போன்ற இதழ் போட்டி எஞ்சினான நாவல்ட்டியின் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இவற்றுக்கு மேல், பிற்காலத்தில் செய்யப்பட்ட முழு அளவுப் பிரதிகள். ஹென்றி ஃபோர்டுக்காக 1929இல் ஒன்று, லண்டன் சயன்ஸ் மியூசியத்துக்காக உட்புறம் தெரியும்படி வெட்டிய வடிவில் 1935இல் ஒன்று, 150ஆம் ஆண்டு விழாவையொட்டி 1979இல் ஒன்று. கடைசிப் பிரதிக்கு ஒரு கதை உண்டு. ரெயின்ஹில் பாலத்தின் கீழே தண்டவாளத்தின் மட்டம் பழைய நாளைவிட உயர்ந்துவிட்டது. ஆகவே பாலத்தில் இடிக்காமல் இருக்க, புகைபோக்கியை அசலைவிடக் குட்டையாக வைத்தார்கள். விழாவுக்கு அது சரியே. ஆனால் அந்தப் பிரதியைப் படம் பிடித்து, அளந்து, மாதிரி செய்கிறவர் 1829ஐச் செய்யவில்லை. 1979இன் ஒரு பாலத்தைத் தன்னையறியாமல் மாதிரிக்குள் கொண்டுவருகிறார். உரையாசிரியரின் வரியை மூலத்தின் வரியென்று படியெடுத்த எழுத்தரை நாம் அறிவோம் அல்லவா?

ராக்கெட் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். வைலம் சுரங்கத்தின் பஃபிங் பில்லி 1813–14இல் நான்கு சக்கரங்களோடு பிறந்தது. நெப்போலியன் போர்களால் குதிரைத் தீவனத்தின் விலை ஏறியதுதான் அத்தகைய எஞ்சின்களுக்குச் சுரங்க முதலாளிகள் பணம் போட்டதற்கு முக்கியக் காரணம். பாதைத் தட்டுகள் உடைகின்றன என்று அதை எட்டுச் சக்கரமாக்கினார்கள். நல்ல தண்டவாளம் வந்ததும் 1830 வாக்கில் மறுபடி நான்கு சக்கரமாக்கினார்கள். ஆக மூன்று பில்லிகள்.

அளவுக் கணக்கிலும் ஒரு கோணல் இருக்கிறது. வெளியிலிருப்பவர்களுக்கு நம்பவே கடினமாக இருக்கும். பிரிட்டனில் பெரும்பாலோர் பின்பற்றும் 'டபுள் ஓ' அளவில் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர். ஆனால் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இது அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற வேறோர் அளவுக்கு உரியது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அக்காலத்து மோட்டார் அவற்றின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. எனவே உடலைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை இருந்தபடியே விட்டார்கள். கணக்குப் போட்டால் 4 அடி 8½ அங்குலம் இருக்க வேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாகக் குறுகிப் போகிறது. ராக்கெட்டில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். காரணம், அதன் பெரிய சக்கரத்தின் விட்டமும் 4 அடி 8½ அங்குலம்தான், பாதையின் அகலத்துக்குச் சரிசமம். சக்கரத்தைக் கழற்றித் தண்டவாளங்களுக்கு நடுவே படுக்கப் போட்டால் கச்சிதமாகப் பொருந்தும் என்று கொள்ளலாம். 'டபுள் ஓ'வில் சக்கரம் 18.8 மில்லிமீட்டர், பாதை 16.5. பொருந்தாது. இதைப் பொறுக்காதவர்கள் முதலில் 'இ.எம்.' என்றும், 1960களில் 18.83 மில்லிமீட்டர் கொண்ட 'பி ஃபோர்' என்றும் தனித் தரங்களை வகுத்துக்கொண்டு பிரிந்து போனார்கள். இரண்டேகால் மில்லிமீட்டருக்காக ஒரு கிளை மரபே உண்டாயிற்று என்று நகைக்கலாம். குற்றியலுகரத்துக்காக நாம் எழுதிக் குவித்த பக்கங்களை நினைத்துக்கொண்டால் நகைப்பு அடங்கிவிடும்.

எனினும் மில்லிமீட்டர் பக்தர்களிடம் எமக்கு முழு உடன்பாடில்லை. நான்கு மில்லிமீட்டர் அளவில் ராக்கெட்டின் பாய்லர் 24 மில்லிமீட்டர் நீளம், 13 மில்லிமீட்டர் விட்டம். ஏறக்குறையக் கட்டைவிரல் நுனி. அதை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அது ஓர் ஓவியமே. ராக்கெட்டை ராக்கெட் ஆக்கியது உருவம் அன்று. பாய்லருக்குள் மூன்று அங்குல விட்டத்தில் 25 செம்புக் குழாய்களைச் செலுத்தி, நெருப்பின் வெப்பத்தை நீரின் நடுவே கொண்டுபோன யோசனை. இந்த யோசனையைச் சொன்னவர் ரயில் நிறுவனத்தின் செயலாளர் ஹென்றி பூத். எஞ்சினியர் அல்லர் என்பதையும் இடையே குறித்துக்கொள்வோம். அதனோடு போட்டியிட்ட, டிமதி ஹேக்வொர்த்தின் சான்ஸ் பரெய்லில் ஒரே பெரிய குழாய் போய் மடங்கித் திரும்பி வரும். ஆகவே அடுப்பும் புகைபோக்கியும் ஒரே முனையில் இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வெளித்தோற்றம் பாதிதான் சொல்லும். மீதியைத் தீ மூட்டிப் பார்த்தால்தான் அறிய முடியும்.

தீ மூட்டுகிறவர்களின் உலகம் வேறு. மூன்றரை அங்குலத் தண்டவாளம், பதினாறில் ஒரு பங்கு அளவு. நீளத்தைப் பதினாறில் ஒன்றாக்கினால் மேற்பரப்பு 256இல் ஒன்றாகிறது; கொள்ளளவோ 4096இல் ஒன்றாகிறது. அதாவது உள்ளிருக்கும் நீருக்கு ஒப்பிட்டால் வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு அசலைப்போல் பதினாறு மடங்கு. ராக்கெட்டின் குழாயை அப்படியே சுருக்கினால் ஐந்து மில்லிமீட்டர்கூட வராது. நிலக்கரிப் புகைக்கரி சீக்கிரமே அடைத்துவிடும். ஆகவே குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்டுகிறார்கள். அசல் 50 பவுண்டு அழுத்தத்தில் ஓடியது என்றால் மாதிரி 70, 80 வரை போக வேண்டியிருக்கிறது. இயற்கையைச் சிற்றளவாக்க முடியாது என்பது அவர்களிடையே வழங்கும் சொல்.

இங்கே எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ் என்பவரைக் குறிப்பிடாமல் போனால் பிழையாகும். தாம் வேலை பார்த்த ரயில் நிறுவனத்தின் முதலெழுத்துகளையே பெயராக்கிக்கொண்ட தொழிலாளி. சிறிய எஞ்சின்களுக்கு ஸ்பிரிட் விளக்கும் எளிய பாய்லருமே போதும், நிலக்கரியும் தீக்குழாய் பாய்லரும் அந்த அளவில் நடவாது என்று 1920களில் வல்லுநர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் தம் சிறிய எஞ்சினுக்கு நிலக்கரி போட்டு, வளர்ந்த ஆளை உட்கார வைத்து இழுத்துக் காட்டினார் அவர். 'பாய்லர்களின் போர்' என்று பெயர் பெற்ற அந்த விவாதம் ரெயின்ஹில்லின் மறுபதிப்பு என்றே சொல்லலாம். குழாய்களே மறுபடி வென்றன. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அவர் வாரந்தோறும் எழுதிய செய்முறைக் கட்டுரைகள், எளிய லேத் ஒன்றும் பொறுமையும் இருந்தால் எவரும் எஞ்சின் செய்யலாம் என்ற நம்பிக்கையை ஆயிரக்கணக்கானோருக்குத் தந்தன. ராக்கெட் வகைக்கும் 'ரெயின்ஹில்' என்ற பெயரில் ஒரு வடிவமைப்பைத் தந்தார். உரைநடை என்ற அளவிலேயே படிக்கத்தக்க எழுத்து அது. ஒரு கைவினையைச் சொல்லில் வடிப்பது எவ்வளவு கடினம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும்.

ஆக எம் கட்சி இது: ஆதி எஞ்சின்களைப் பொறுத்தவரை ஓடும் மாதிரியே நெருக்கமான மாதிரி, அளவில் சற்றுப் பிசகினாலும். அவை தம் காலத்தில் பரிசோதனைகளாக இருந்தவை. பரிசோதனையைச் சிலையாக்குவதில் என்ன பயன்? ஆனால் ஓட வேண்டும் என்று வந்துவிட்டால் வேறொரு சிக்கல் முளைக்கிறது. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. 1894இல் பதிப்பித்த உ.வே.சா. அந்த இடங்களை இட்டு நிரப்ப முயலவில்லை; சிதைந்த அடிகளுக்குப் புள்ளி வைத்தார். எண் நிற்கிறது, பாட்டு இல்லை. எஞ்சினில் புள்ளி வைக்க முடியாது. பம்பின் வால்வு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டாலும் ஒரு வால்வை வைத்தே ஆக வேண்டும், இல்லையேல் பாய்லருக்கு நீர் போகாது. விடுபட்டதை நிரப்பாமல் விட இவருக்கு வழியே இல்லை.

எனவேதான் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். சான்று உள்ள உறுப்புகளுக்கு வண்ணம் பூசட்டும். ஊகித்துச் செய்தவற்றையும், ஓட்டத்துக்காக மாற்றியவற்றையும் வெற்று உலோகமாகவே விடட்டும். அகழ்வாய்வில் கிடைத்த உடைந்த பானையை ஒட்டும்போது, இல்லாத சில்லுகளின் இடத்தை வேறு நிறச் சாந்தால் நிரப்புகிறார்கள். பானையின் வடிவம் கிடைக்கிறது, பொய்யும் சொல்லப்படுவதில்லை. அதே முறையை இங்கும் கொள்ளலாம். மஞ்சள் ராக்கெட்டின் நடுவே ஒரு பித்தளை வால்வு பளபளத்துக்கொண்டு நின்றால் பார்ப்பவர் ஏன் என்று கேட்பார்.

அழகு கெடும் என்பார்கள். கெடட்டும். பெனிடாரன் எஞ்சினைச் செய்தால் முக்கால்வாசியும் வெற்று உலோகமாக அல்லவா நிற்கும் என்றும் கேட்கலாம். அப்படித்தான் நிற்க வேண்டும். நம் அறிவின் நிலை அதுவே. குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதாதா என்பது சற்று வலுவான மறுப்பு. செய்தவர் இறந்த பின் குறிப்பேடும் எஞ்சினும் ஒரே வீட்டில் இருப்பதில்லை. ஏலத்துக்குப் போவது எஞ்சின் மட்டுமே. இரண்டு தலைமுறை கழித்து, வாங்கியவர் பேரன் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பான். அதைப் பார்த்து இன்னொருவர் அளவெடுப்பார். அந்த இடத்தில் ஊகம் சான்றாகிவிடுகிறது.

பாய்லர் விஷயத்தில் மட்டும் இந்தச் சமூகம் எவ்விதச் சலுகையும் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையைத் திறந்து வைத்த லோகோமோஷனின் பாய்லர் 1828இல் வெடித்து ஓட்டுநர் ஜான் க்ரீ உயிரிழந்தார். சிறிய செம்பு பாய்லரும் அதே சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஈயப் பற்று உதவாது, வெள்ளி கலந்த உயர்வெப்பப் பற்றவைப்பு வேண்டும். புதிய பாய்லரை வேலை அழுத்தத்தைப்போல் இருமடங்கு நீரழுத்தத்தில் சோதித்துச் சான்றிதழ் பெறாமல் சங்கத்தின் தண்டவாளத்தில் ஏற்ற விடமாட்டார்கள். வரலாற்றுத் துல்லியத்துக்கு அப்படியொரு சோதனை அங்கே கிடையாது.

நமக்கு இதில் ஒரு பங்கும் இருக்கிறது. 1838இல் லீட்ஸ் நகரின் டாட், கிட்சன் அண்ட் லெயர்ட் நிறுவனம் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்காகச் செய்த லயன் என்ற எஞ்சின், ஓட்டம் முடிந்த பின் லிவர்பூல் கப்பல்துறையில் பம்பு இறைத்துக் கிடந்தது. 1928இல் கண்டெடுக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, 1953இல் 'டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' என்ற திரைப்படத்தில் நடிக்கவும் செய்தது. அதன் மாதிரிகளைச் செய்தவர்கள் 'லயன்ஸ்மீட்' என்ற பெயரில் கூடித் தம் எஞ்சின்களைப் போட்டிக்கு ஓட்டுகிறார்கள். அதே கிட்சனின் பெயர் தொடர்ந்த லீட்ஸ் ஆலையிலிருந்து 1855இல் இந்தியாவுக்கு வந்த இரு எஞ்சின்களில் ஒன்று ஃபேரி குவீன். மற்றொன்றான ஈ.ஐ.ஆர். 21, நூறாண்டுக்கு மேல் ஓடாமல் கிடந்து, 2010இல் நம் பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர் பெற்றது. அதைச் சிற்றளவில் செய்யத் தொடங்குகிறவருக்கு முதல் தடை நம் அகலப் பாதையே. 5 அடி 6 அங்குலத்துக்குரிய மாதிரி, பிரிட்டிஷ் மாதிரித் தண்டவாளத்தில் அளவு விகிதத்தை மாற்றாமல் ஏறாது. இரண்டாவது வேலை இன்னும் அவசரமானது. அந்த எஞ்சினில் 1855 எங்கே முடிகிறது, பெரம்பூர் எங்கே தொடங்குகிறது என்பதை உறுப்பு உறுப்பாகக் குறித்து வைக்க வேண்டும். 2010இல் அங்கே லேத்தில் நின்ற பலர் இப்போது ஓய்வுபெற்று சென்னையிலேயே இருப்பார்கள். எவரேனும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேட்டால் சொல்வார்கள்.